பிறர் காரியமும் நம் சமாதானமும்

(பொன்விழா ஆயத்த நாட்களில் இரண்டாம் நாள் மாலை ஆலய வளாகத்தில் நிகழ்த்திய உரை)



நம் பங்கின் பொன்விழாவுக்காக ஆலயத்துக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. கொடிமரத்துக்குப் புது வர்ணம் பூசியாகிவிட்டது. மாதா கெபியைச் சுற்றி விளக்குகளும் கட்டியாகிவிட்டது. இந்நிலையில் பங்குத் தந்தை அவர்கள் எங்களை அழைத்து, "கட்டடம் தயாராகிவிட்டது, மக்கள் தயாராக வேண்டாமா? ஒருவரோடொருவர் சமாதானமாக வாழ்வதைப் பற்றி நீங்கள் பேசுங்கள்" என்றார்கள். நாங்கள் தயங்கினோம். இதைப் பற்றிப் பேச எங்களுக்குத் தகுதியில்லை என்பது இங்கே அமர்ந்திருப்போரில் சிலருக்காவது தெரியும். "தவறியவர்கள் பேசினால்தான் கேட்பவர்களுக்கு உறைக்கும்" என்று தந்தை அவர்கள் சொன்னதால் உங்கள் முன் நிற்கிறோம்.

சமாதானத்தைக் குலைப்பவை பல. வரப்புத் தகராறு உண்டு, பாகப்பிரிவினை உண்டு, பதவிப் போட்டி உண்டு. இவையெல்லாம் தவறு என்று நமக்கே தெரியும். ஆனால், தவறு என்றே தோன்றாமல் நம்மிடையே உலாவும் ஒன்று இருக்கிறது. அதுதான் பிறர் காரியத்தில் தலையிடுதல். பாவசங்கீர்த்தனத்தில் கோபித்தேன் என்கிறோம், பொய் சொன்னேன் என்கிறோம். 'அழைக்காத வீட்டுக்குள் நுழைந்தேன், கேளாத புத்தி சொன்னேன்' என்று நம்மில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

இராயப்பர் தரும் பெயர்

புனித இராயப்பர் தம் முதல் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில் கிறிஸ்தவர்கள் படும் துன்பத்தைப் பற்றிப் பேசுகிறார். துன்பம் வந்தால் அது கிறிஸ்துவின் பெயரால் வரட்டும், நம் குற்றத்தால் வரவேண்டாம் என்பது அவர் கருத்து. எந்தக் குற்றங்கள்? கொலை, களவு, தீச்செயல் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அதே வரிசையில் நான்காவதாகப் பிறர் காரியத்தில் தலையிடுவதையும் சேர்க்கிறார். கொலைகாரனும் திருடனும் நிற்கும் வரிசையில் நம்மைப் போன்ற நல்லவர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கிவிட்டார்!

அவர் கையாண்ட கிரேக்கச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால், 'பிறருக்கு உரியதை மேற்பார்ப்பவன்' என்று பொருள்படும். அதிலுள்ள 'மேற்பார்ப்பவன்' என்ற பகுதியே பிற்காலத்தில் ஆயரைக் குறிக்கும் சொல்லாயிற்று. அப்படியானால் தலையிடுபவர் யார்? அடுத்த வீட்டுக்குத் தம்மைத் தாமே ஆயராக நியமித்துக்கொண்டவர். நம் மறைமாவட்டத்துக்கு ஆயர் வேண்டுமானால் உரோமையிலிருந்து நியமனம் வரவேண்டும். நம் தெருக்களிலோ வீட்டுக்கு இரண்டு ஆயர் இருக்கிறோம். நியமனப் பத்திரம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது!

இராயப்பர் இதைத் தம் சொந்த அனுபவத்தில் கற்றவர். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் அவரிடம் ஆடுகளை ஒப்படைத்த காட்சியை அருளப்பர் தம் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் வரைந்துள்ளார். பொறுப்பைப் பெற்ற இராயப்பர் திரும்பிப் பார்க்கிறார். பின்னால் மற்றொரு சீடர் வருகிறார். உடனே, 'இவருடைய காரியம் என்ன?' என்று கேட்கிறார். அது உன் கவலையன்று, நீ என் பின்னே வா என்ற கருத்தில் ஆண்டவர் பதில் அளித்தார். திருச்சபையையே மேய்க்கும் பொறுப்பைப் பெற்றவருக்குக்கூட அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

ஆண்டவர் பிறரை மட்டும் தடுத்தவர் அல்லர். தாமும் அப்படியே நடந்தார். கூட்டத்தில் ஒருவன், தன் சகோதரனோடு சொத்தைப் பாகம் பிரித்துத் தரும்படி அவரை வேண்டினான். உங்களுக்கு நடுவனாக என்னை நியமித்தவர் யார் என்று அவர் மறுத்துவிட்டதை லூக்காஸ் பன்னிரண்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். பேராசையைப் பற்றி எச்சரித்தார், பாகப்பிரிவினைக்குள் நுழையவில்லை. அழைத்தும் அவர் அமராத நாற்காலியில் நாம் அழைக்காமலே அமர்ந்துகொள்கிறோம்.

இந்த நோய்க்கு மருந்து சொன்னவர் புனித சின்னப்பர். தெசலோனிக்க நகரச் சபையில் சிலர் தம் வேலையை விட்டுவிட்டுப் பிறர் வேலையைச் சுற்றித் திரிந்தார்கள். அமைதியாக இருங்கள், உங்கள் காரியத்தைப் பாருங்கள், உங்கள் கையால் உழைத்து உண்ணுங்கள் என்று இரு திருமுகங்களிலும் அறிவுறுத்தினார். கூடாரம் தைத்துப் பிழைத்தவர் சொன்ன மருந்து இது. கையில் ஊசி இருந்தால் வாயில் ஊசி இருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் செய்த தவறு

இனி எங்கள் கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் பங்கின் ஒரு பக்த சபையைச் சேர்ந்தவர்கள். சபையின் பெயர் வேண்டாம். தவறு எங்களுடையது, சபையுடையதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் ஒரு வீட்டில் மகளுக்குத் திருமணம் நடந்தது. ஓராண்டு நிறைவதற்குள் அந்தப் பெண் ஒரு பெட்டியோடு தாய்வீடு திரும்பினாள். ஞாயிறு திருப்பலிக்குத் தாயும் மகளும் வந்து கடைசியில் அமர்வார்கள். இறுதி ஆசீருக்கு முன்பே எழுந்து போய்விடுவார்கள். நாங்கள் கவனித்தோம். கவனித்ததில் தவறில்லை. பிறகு செய்ததில்தான் தவறு.

முதலில் எங்களுக்குள் பேசினோம். ஆலய வாசலில் பேசினோம், வேப்பமரத்தடியில் பேசினோம், ஜெபமாலை முடிந்தபின்னும் பேசினோம். 'பாவம், அந்தக் குடும்பத்துக்காக ஜெபிக்க வேண்டும்' என்று தொடங்குவோம். ஆனால், ஜெபத்துக்குத் தேவைப்படாத விவரங்களையெல்லாம் சேகரித்தோம். ஒருவர் நகை என்றார், ஒருவர் குடி என்றார், ஒருவர் மாமியார் என்றார். பிறகு கூட்டம் போட்டு, நால்வராக ஒருநாள் மாலை அந்த வீட்டுக்குப் போனோம். வருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அந்தத் தாய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நாற்காலிகளை எடுத்துப் போட்டார். நாங்கள் ஒரு மணி நேரம் பேசினோம். பொறுமையைப் பற்றிப் பேசினோம். திருமண வாழ்வின் புனிதத்தைப் பற்றிப் பேசினோம். எங்கள் வீட்டுப் பெண்கள் எவ்வளவு பொறுத்துப் போனார்கள் என்றும் பேசினோம். அந்தப் பெண் உள்ளறைக் கதவருகே நின்றாள். அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அதோடாவது நிறுத்தினோமா? எங்களில் ஒருவர் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, "பெண் வீட்டில் நாங்கள் பேசியிருக்கிறோம், எல்லாம் சரியாகிவிடும்" என்றார். அந்தச் சொல் வாய்க்கு வாய் மாறி, 'தப்பு எங்கள்மேல்தான் என்று பெண் வீட்டார் ஊர்முன் ஒப்புக்கொண்டார்கள்' என்று மாப்பிள்ளை வீட்டைப் போய்ச் சேர்ந்தது. அதுவரை இரு வீட்டுத் தகப்பன்மார்களும் யாரும் அறியாமல் பேசிக்கொண்டிருந்தார்களாம். அந்தப் பேச்சு அன்றோடு நின்றுபோயிற்று.

மறுவாரம் நாங்கள் மறுபடி போனோம். அந்தத் தாய் வாசலிலேயே நின்றார். சத்தம் போடவில்லை. "ஐயா, எங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. எல்லாரும் எங்களுக்குச் சொன்னீங்க, எல்லார்கிட்டயும் எங்களைப் பத்திச் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். அதன்பின் ஏறக்குறைய இரண்டாண்டு காலம் அந்தக் குடும்பம் ஞாயிறுதோறும் பேருந்து ஏறிப் பக்கத்துப் பங்குக்குத் திருப்பலிக்குப் போய்வந்தது. நாங்கள் இங்கே முன்வரிசையில் நின்று சமாதானம் வாழ்த்திக்கொண்டிருந்தோம்.

அதே இரண்டாண்டு காலத்தில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு பாட்டியம்மா சனிக்கிழமைதோறும் அந்த வீட்டுக்குப் போய்வந்தார். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை இருக்கும்; இல்லையானால் தம் கொல்லையில் பழுத்த பப்பாளி ஒன்று இருக்கும். வாசலில் நின்று, "வரலாமா அம்மா?" என்று கேட்பார். திண்ணையில் அமர்ந்து கீரையை ஆய்ந்து கொடுப்பார். அவராக ஒன்றும் கேட்கமாட்டார். அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வார். ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். அங்கே என்ன பேசினார்கள் என்று நாங்கள் அவரைத் துருவிக் கேட்டதும் உண்டு. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். "கீரை நல்லா இருந்துச்சாம்" என்பார், அவ்வளவுதான்.

அந்தக் குடும்பம் மறுபடியும் நம் ஆலயத்துக்குள் காலடி வைத்தது அந்தப் பாட்டியின் அடக்கத் திருப்பலி அன்றுதான். கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்துக் குழியில் போட்டுவிட்டு எங்கள் அருகிலேயே நின்றார்.

அந்தப் பெண் கணவரோடு சேர்ந்தாளா என்று அறிய உங்கள் மனம் துடிக்கும். அதை நாங்கள் சொல்லமாட்டோம். அது அவர்களுடைய காரியம். இதைப் பேசுவதற்கு முன் தாயிடமும் மகளிடமும் அனுமதி கேட்டோம். எழுதியதை வாசித்துக் காட்டினோம். இரண்டு இடங்களில் வேண்டாம் என்றார்கள். நீக்கிவிட்டோம்.

எங்கள் கூட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எகிப்துப் பாலைவனத்தில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி மோசேயின் நினைவு வருகிறது. முன்னாளில் கொள்ளைக்காரராய் இருந்து மனந்திரும்பியவர் அவர். தவறு செய்த ஒரு சகோதரரைப் பற்றி விசாரிக்கத் துறவிகள் கூட்டம் கூட்டி இவரையும் அழைத்தார்கள். இவர் போகவில்லை. மறுபடியும் ஆள் அனுப்பவே, ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பித் தூக்கிக்கொண்டு போனார். இதென்ன என்று கேட்டார்கள். என் பாவங்கள் என் பின்னே ஒழுகிக்கொண்டு வருகின்றன, நான் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்று மற்றொருவன் பாவத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறேன் என்ற பொருளில் பதில் சொன்னாராம். கூடியவர்கள் அந்தச் சகோதரரை மன்னித்தார்கள் என்று பாலைவனத் தந்தையரின் வரலாறு கூறுகிறது. எங்கள் கூட்டத்துக்கு ஓட்டைப் பாத்திரத்தோடு வர ஒருவரும் இருக்கவில்லை.

ஒதுங்கிப் போவதா சமாதானம்?

அப்படியானால் யார் எக்கேடு கெட்டால் நமக்கென்ன என்று கதவைச் சாத்திக்கொள்ளலாமா? அன்று அந்தத் தாய் எங்களைக் கேட்டதற்குப் பிறகு, நாங்களும் சிறிது காலம் அப்படித்தான் இருந்தோம். அதுவும் தவறு என்று பின்னரே புரிந்தது. சகோதரனுக்கு நான் காவலாளியோ என்று கேட்டவன் காயீன். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் வழியின் மறுபக்கமாய்ப் போனவர்கள் குருவும் லேவியனும். அவர்கள் எவர் காரியத்திலும் தலையிடவில்லை, அன்பும் செய்யவில்லை.

நல்ல சமாரியன் என்ன செய்தான்? காயத்தில் எண்ணெயும் இரசமும் வார்த்துக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான். இரண்டு தெனாரியம் கொடுத்தான். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். 'இந்த வழியில் தனியாக ஏன் வந்தாய்?' என்று கேட்டதாக உவமையில் இல்லை.

அன்பு எது, தலையீடு எது என்று பிரித்தறிய மற்றோர் இடத்தையும் பார்ப்போம். கானாவூர்க் கல்யாண வீட்டில் இரசம் தீர்ந்துபோயிற்று. பந்தி நடக்கும்போது சாம்பார் தீர்ந்தால் பெண் வீட்டாருக்கு எப்படியிருக்கும் என்பது நமக்குத் தெரியும். அந்தக் குறையைக் கண்டவர் தேவதாய். பக்கத்துப் பெண்களிடம் சொன்னார்களா? மணமகனை அழைத்து, 'இவ்வளவு பேரை அழைப்பவர் கணக்குப் பார்க்க வேண்டாமா?' என்று புத்தி சொன்னார்களா? குறையைத் தீர்க்கக்கூடிய ஒரே ஒருவரிடம், தம் மகனிடம், சுருக்கமாகச் சொன்னார்கள். பிறகு, அவர் சொல்வதைச் செய்யுமாறு பணியாளரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். பந்தி மேற்பார்வையாளனுக்குக்கூட அந்த இரசம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்கிறார் அருளப்பர். குறை நீங்கியது; மானமும் காப்பாற்றப்பட்டது.

அன்பர்களே, எங்கள் அனுபவத்தில் நாங்கள் கண்ட உண்மை இதுதான். அன்பு, வாசலில் நின்று கேட்கும்; உள்ளே கண்டதை வெளியே சொல்லாது. தலையீடு, கேளாமல் நுழையும். வெளியே வந்து சொல்லும். பாட்டி செய்ததும் நாங்கள் செய்ததும் ஒரே வீட்டில்தான். அவர் கேட்டு நுழைந்தார், கேட்டதைக் காத்தார். நாங்கள் இரண்டிலும் தவறினோம்.

'உள்ளதைத்தானே சொன்னேன்?'

புறம் பேசுகிறவரைத் தடுத்தால் உடனே வரும் பதில் இது. 'நான் என்ன பொய்யா சொன்னேன்? உள்ளதைத்தானே சொன்னேன்!' 1992-ம் ஆண்டு வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதற்குத் தெளிவாகப் பதில் தருகிறது. அதன் 2477-ம் எண், பிறர் நற்பெயருக்கு எதிரான மூன்று பாவங்களைப் பிரித்துக் காட்டுகிறது. போதிய ஆதாரமின்றி ஒருவரைக் குற்றவாளி என்று மனத்துள் முடிவு செய்வது ஒன்று. பொய் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது ஒன்று உண்டு. தகுந்த காரணமின்றி, ஒருவரின் உண்மையான குறையை, அதை அறியாதவரிடம் வெளிப்படுத்துவதே அது. உண்மையைச் சொல்லியும் பாவம் செய்யலாம் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சகோதரனைத் திருத்துவது அன்புச் செயல் என்று கற்பித்த புனித தாமஸ் அக்குவினார்கூட அதற்கு ஓர் எல்லை வகுத்தார். திருத்துவதற்காகக் குறைகளைத் தேடிக்கொண்டு போகவேண்டாம்; அப்படிப் போனால் பிறர் வாழ்வை வேவு பார்ப்பவர்களாகிவிடுவோம் என்பது அவர் போதனை. ஆண்டவர் மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் காட்டிய வழியும் அதுதான். சகோதரன் உனக்கு எதிராகக் குற்றம் செய்தால் முதலில் நீ தனியே போய் அவனிடமே பேசு என்றார். நாமோ அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். ஊருக்கெல்லாம் சொன்னபின், கடைசியாக அவருக்குத் தெரிகிறது.

அந்த நற்செய்தி வாசிக்கப்பட்ட 2020-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி ஞாயிறன்று, திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் புறம்பேசுதல் கொரோனாவைவிடக் கொடிய கொள்ளைநோய் என்று எச்சரித்தார்கள். உலகமே முகமூடி அணிந்திருந்த காலம் அது. முகமூடி வாயை மறைத்தது, நாவை அடக்கவில்லை. இன்று வாய்கூடத் தேவைப்படவில்லை. பங்கின் வாட்சப் குழுவில், 'இந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள்' என்று பெயரோடும் விவரத்தோடும் ஒரு செய்தி போட்டால், ஒரு நிமிடத்தில் வெளியூர், வெளிநாடு எல்லாம் போய்விடுகிறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்றார்கள் நம் பெரியோர்கள். ஊர் வாயை மூட முடியாது, சரி. நம் விரலையாவது அடக்கலாம் அல்லவா?

நாவால் சமாதானம் செய்தவர்களும் உண்டு. புனித அகுஸ்தினார் தம் வாழ்வை எழுதிய நூலின் ஒன்பதாம் பாகத்தில் தம் தாய் மோனிக்கம்மாளை நினைவுகூர்கிறார். இன்றைய அல்ஜீரியா நாட்டிலுள்ள தகாஸ்தே நகரில் குடும்பம் நடத்தி, 387-ம் ஆண்டு உரோமைக்கு அருகேயுள்ள ஓஸ்தியாவில் இறந்த அன்னை அவர். மருமகளாய் வந்த புதிதில் வேலைக்காரிகள் சிலர் மாமியாரிடம் அவரைப் பற்றிக் கோள் சொன்னார்கள். மாமியாருக்கோ கடுங்கோபம். மோனிக்கம்மாள் எதிர்க்கோள் சொல்லவில்லை; பணிவாலும் பொறுமையாலும் மாமியாரின் மனத்தை வென்றார். கடைசியில், கோள் சொன்னவர்கள் யார் என்று மாமியாரே வெளிப்படுத்தினார்.

கோளால் அடிபட்டவர் என்பதனாலோ என்னவோ, கோளின் கேட்டை அவர் அறிந்திருந்தார். பகைத்துக்கொண்ட இரு பெண்கள் தனித்தனியே வந்து மனக்கசப்பைக் கொட்டினால், இருவர் சொல்வதையும் கேட்பார். அவர்களை ஒப்புரவாக்க உதவுவதை மட்டும் மற்றவருக்குச் சொல்வார். எஞ்சியது அவரோடு நின்றுவிடும். பகைவர் சொன்னதைச் சொல்வதோடு, சொல்லாததையும் கூட்டிச் சொல்லும் எண்ணற்ற மனிதரைக் கண்டதாலேயே இந்தக் குணத்தின் அருமை தமக்குத் தெரிந்தது என்ற கருத்தில் மகன் எழுதுகிறார். தாய்மார்களே, நம் பங்குக்குப் பல மோனிக்கம்மாள்கள் தேவை. தகப்பன்மார்களே, டீக்கடைப் பெஞ்சிலும் அவர்கள் தேவை!

மௌனம் பாவமாகும் இடம்

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது, ஒரு பெண் அடிபடுகிறாள், ஒரு முதியவர் பட்டினி போடப்படுகிறார் என்று தெரிந்தால், 'குடும்ப விஷயம், நாம் தலையிடக் கூடாது' என்று இருப்பது சமாதானமாகாது. அது காயீனின் பதில். குழந்தைகள்மீது பாலியல் குற்றம் நடப்பது தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதை 2012-ம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. குடும்ப வன்முறை பற்றி நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்கு யாரும் தகவல் தரலாம், தந்தவர்மீது பொறுப்பு வராது என்கிறது 2005-ம் ஆண்டுச் சட்டம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்று உதவி எண்கள் உள்ளன. இப்படிப்பட்ட செய்தியைத் தேவதாய் செய்ததுபோல் செய்வோம். காப்பாற்றக்கூடியவரிடம் சொல்வோம், தெருவில் சொல்லவேண்டாம்.

எங்கள் தவற்றில் எங்களை இன்றும் தூங்கவிடாத பகுதி இதுதான். அன்று உள்ளறைக் கதவருகே நின்ற பெண்ணிடம், 'உனக்கு அங்கே பயமாக இருந்ததா, மகளே?' என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவள் நிலை என்ன என்பதைச் சொல்ல நாங்கள் இங்கே நிற்கவில்லை. அதை அறியாமலே, திரும்பிப் போ என்று புத்தி சொன்னோமே, அதுதான் எங்கள் குற்றம். தலையிடுகிறவர்கள் ஆயிரம் பேசுவார்கள். கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

பொன்விழாவில் செய்ய வேண்டியது

ஆகவே, பிறர் வீட்டுக் காரியம் நம் காதில் விழும்போது மூன்று கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம். அவர்கள் நம்மை அழைத்தார்களா? அழைக்காவிட்டால், 'வரலாமா?' என்று நாமாவது கேட்டோமா? இதைச் சொல்லப் போகிற ஆளால் இந்தக் குறையைத் தீர்க்க முடியுமா? நாம் போவது அவர்கள் சுமையைக் குறைக்கவா, நம் ஆவலைத் தீர்க்கவா? இம்மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னால், பாதி வழியிலேயே நம் கால் வீட்டுக்குத் திரும்பிவிடும். போகவேண்டிய இடத்துக்குக் கையில் கீரைக்கட்டோடு போகும்.

எல்லாரோடும் சமாதானமாய் வாழ, நம்மால் இயன்றமட்டும் முயல வேண்டும் என்று புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதினார். பிறர் நம்மோடு சமாதானமாவார்களா என்பது அவர்கள் கையில் இருக்கிறது. கேட்டு நுழைவதும் கேட்டதைக் காப்பதும் நம் கையில் இருக்கின்றன.

இது பொன்விழா ஆண்டு, ஐம்பதாம் ஆண்டு. பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் ஐம்பதாம் ஆண்டை ஜூபிலி ஆண்டு என்று அழைக்கிறது. அந்த ஆண்டில் எக்காளம் ஊதப்படும். கைமாறிப்போன நிலம் அதற்குரிய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். ஒவ்வொருவனும் தன் காணியாட்சிக்குத் திரும்பிப் போக வேண்டும். நாம் யாருடைய நிலத்தையும் பிடுங்கவில்லைதான். ஆனால், எத்தனை குடும்பங்களின் துக்கத்தை நம் பேச்சுக்கு உரிய நிலமாக்கி ஐம்பது ஆண்டுகளாய் உழுது பயிரிட்டு வந்திருக்கிறோம்! இந்த ஜூபிலியில் அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

கொடியேற்றத்துக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. நாம் பேசிப் புண்படுத்திய வீடு ஒன்று நம் ஒவ்வொருவருக்கும் நினைவுக்கு வரும். அந்த வாசலுக்குத் தனியாகப் போவோம். 'வரலாமா?' என்று கேட்போம். வரச் சொன்னால் உள்ளே போய் மன்னிப்புக் கேட்போம். வேண்டாம் என்றால் வணங்கிவிட்டுத் திரும்புவோம். நாளை மறுநாள் திருவிழாத் திருப்பலியில் சமாதானம் வாழ்த்தும்போது, கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர்களும் இறுதி ஆசீர்வரை நம்மோடு நிற்பார்களாக. சமாதானத்தின் அரசராகிய இயேசு ஆண்டவர் அந்த வரத்தை நம் பங்குக்கு அருள்வாராக.

ஆமென்.